ருசி பார்ப்பது சாப்பாடாகுமா?

டயர் தொழிற்சாலை கேண்டீனில் யாராவது “மாஸ்டர்!” என்று கூப்பிட்டால், புதிதாக வந்தவர்கள் மீசை வைத்த ஓர் ஆளைத்தான் தேடுவார்கள். திரும்பிப் பார்ப்பதோ ஒரு பெண்மணி. ஐம்பதை நெருங்கியவள், குள்ளம், இடுப்பில் ஈரத்துணி, கையில் நீளக் கரண்டி. சம்பளச் சீட்டில் ‘தலைமைச் சமையல்காரி’ என்று போட்டிருக்கும். அப்படிக் கூப்பிட்டால் அவள் திரும்பக்கூட மாட்டாள். இருபது வருஷமாக அந்த அடுப்பு அவள் கையில். அவள் ருசி பார்த்துத் தலையாட்டாமல் ஒரு பாத்திரமும் அதை விட்டு இறங்கியதில்லை.

அன்றைக்குச் சுகாதார அதிகாரி சோதனைக்கு வந்திருந்தார். வடிகாலைக் குனிந்து பார்த்தார். குளிர்பெட்டியின் ரப்பர் விளிம்பை விரலால் வழித்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியாகத் திரும்பியவர் கண்ணில் பட்டது, மாஸ்டர் ஒரு கரண்டிக் காம்பால் தன் முதுகைச் சொறிந்துகொண்டிருந்த காட்சி. அது கழுவப் போட்ட கரண்டிதான். ஆனால் அதையெல்லாம் அந்த மனுஷரை நிறுத்தி வைத்து விளக்க முடியுமா? முன்கை முழுக்க நகக் கீறலும் பொருக்குமாக வேறு இருந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அவர் போனதும் முதலாளி அவளை ஸ்டோர் ரூமுக்குள் கூப்பிட்டார். கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் அவர். நல்ல மனுஷர்தான், பயம் வராத வரைக்கும்.

“தொத்து வியாதியான்னு கேக்கறாரு மாஸ்டர். நான் என்னன்னு சொல்றது?”

“கிட்னின்னு சொல்லுங்க. மூணு வருஷமா டயாலிசிஸ் பண்ணிக்கறேன், இங்க எல்லாருக்கும் தெரியும். கிட்னி தொத்திக்குமா?”

“எனக்குத் தெரியும். சாப்பிட வர்றவனுக்குத் தெரியுமா? ரெண்டு மாசத்துல திரும்ப வருவேன்னுட்டுப் போறாரு. அப்பவும் நீங்க இப்படிச் சொறிஞ்சுட்டு நின்னீங்கன்னா, அடுப்பைச் சின்ன மாஸ்டர்கிட்ட குடுத்துட்டு நீங்க இங்க ஸ்டோர்ல உக்காந்துக்குங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்.”

பெரிய மனசு! அடுப்பிலிருந்து கையை எடு என்று சொல்லிவிட்டுச் சம்பளத்தில் கை வைக்கமாட்டாராம். மாஸ்டருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்தவன் சமைக்கிற வாசனையை முகர்ந்துகொண்டிருக்க வேண்டுமா? அதற்குப் பதில் டயருக்குக் காற்றடிக்கப் போகலாம்.

“ரெண்டு மாசந்தானே? பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வெளியே சின்ன மாஸ்டர் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெயருக்குத்தான் சின்னவர். அவளைவிட ஒரு வயது மூத்தவர், ஒரு முழம் உயரமானவர். சமைத்ததை வாங்கிப் பரிமாறும் கவுண்டர் பன்னிரண்டு வருஷமாக அவர் பொறுப்பு. அவருக்கும் சமைக்கத் தெரியும், நன்றாகவே தெரியும். அடுப்புப் பக்கம் வந்தால் வெங்காயம் உரிக்கச் சொல்லி அனுப்பிவிடுவாள். தன் பாத்திரத்தில் அவரை ஒரு கரண்டி விட்டுப் பார்க்க அவள் அனுமதித்ததே கிடையாது. ஸ்டோர் ரூமில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கும். விழாத மாதிரி இன்னும் அழுத்தித் துடைத்தார்.

*

டயாலிசிஸ் கூடத்தில் ஏறி நின்றதும் எடை மெஷின் அவளைக் காட்டிக்கொடுத்தது.

“மூணு கிலோவுக்கு மேல ஏறியிருக்கு” என்றாள் நர்ஸ். “தண்ணியை அளந்து குடிக்கறேன்னு சொல்றீங்க. இது என்ன, காத்தா?”

“அளந்துதான் குடிக்கறேன். உங்க மெஷினைப் பாருங்க.”

பக்கத்து நாற்காலியில் ஊசி குத்திக்கொண்டு படுத்திருந்த லாரி அண்ணன் சிரித்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இப்போது ஓட்டுவதில்லை, ஆனால் குரல் மட்டும் இன்னும் என்ஜின் சத்தத்தை மீறித்தான் வரும். “மெஷின் பொய் சொல்லாது தங்கச்சி, நாமதான் சொல்லுவோம்” என்றார்.

அவள் அவரைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மா சுற்றி வந்தபோது நேராகக் கேட்டாள்.

“இந்த அரிப்பு எனக்கு ரெண்டு மாசத்துல நிக்கணும். என்ன பண்ணணும்?”

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினாள். “உங்களுக்கு ரத்தத்துல பாஸ்பரஸ் ரொம்ப ஜாஸ்தி. அரிப்புக்கு அது ஒரு பெரிய காரணம். பால், கறி, மீன்னு நாம சாப்பிடறதுல இருந்துதான் அது வருது. கிட்னி வேலை செஞ்சா வெளிய தள்ளிடும். இந்த மெஷின் அவ்வளவையும் எடுக்காது. அதுக்குத்தான் மாத்திரை. வயித்துலயே சாப்பாட்டுல இருக்கற பாஸ்பரஸைப் புடிச்சுக்கிட்டு மலத்தோட வெளிய போயிடும்.”

“அந்த மாத்திரையத்தான் தின்னுட்டு இருக்கேனே. வேற இல்லையா?”

“இருக்கு.”

“இருக்கறதை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வைங்க டாக்டரம்மா. பாத்து எடுக்கறேன்.”

காய்க்கடையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல அவள் சொன்னதைக் கேட்டு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய் மூன்று வகை மாத்திரைகளைக் கொண்டுவந்து, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகைமேல் வரிசையாக வைத்தாள்.

“இது நீங்க இப்ப சாப்பிடற கால்சியம். பழைய மருந்து, மலிவு, வேலையும் செய்யும். ஆனா உங்க ரத்தத்துல கால்சியம் ஏற்கெனவே விளிம்புல நிக்குது. இன்னும் கூட்டினா ரத்தக் குழாய்ல போய்ப் படியும். இந்தப் பெரிசு செவலமர். இதுல கால்சியம் கிடையாது. முழுசா முழுங்கணும், கடிக்கக் கூடாது. சிலருக்கு வயிறு உப்பும், மலச்சிக்கல் வரும். மூணாவது லாந்தனம். இதைத் தூளா மென்னுதான் தின்னணும். அப்படியே முழுங்கினா வேலையும் செய்யாது, குடல்ல போய் அடைச்சாலும் அடைக்கும். சிலருக்குக் குமட்டும். விலையும் கூட.”

“எது ஒசத்தி?”

“ஒசத்தின்னு ஒண்ணைக் கை காட்ட முடியாதும்மா. பாஸ்பரஸைக் குறைக்கறதுல மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். யாருக்கு எது ஒத்துக்குது, யாரு எதை ஒழுங்கா சாப்பிடறாங்க, அதுலதான் வித்தியாசம். மூணுக்கும் சட்டம் ஒண்ணு. சாப்பாட்டோட சேத்துச் சாப்பிடணும். வெறும் வயித்துல தின்னா பிடிக்க ஒண்ணும் இருக்காது, சும்மா போயிடும்.”

மாஸ்டர் பெரிய மாத்திரையை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தாள். “இதை எழுதுங்க” என்றாள்.

ஒரு மாசம் அவள் மாத்திரை சாப்பிட்ட ஒழுங்கைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் பரிசே கொடுத்திருப்பார்கள். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் தட்டுக்கு முன்னால் மாத்திரை வந்துவிடும். ஒவ்வொன்றும் தொண்டையில் நின்று பேரம் பேசிவிட்டுத்தான் கீழே இறங்கியது. வயிறு உப்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு முழுங்கினாள். மாசக் கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், இருந்த இடத்திலேயே இருந்தது பாஸ்பரஸ். இம்மியும் இறங்கவில்லை.

டாக்டரம்மா மெதுவாகத்தான் கேட்டாள். “நடுவுல சில வேளை விட்டுட்டீங்களோ?”

மாஸ்டர் பையைக் கவிழ்த்தாள். காலி அட்டைகள் மேஜை முழுக்கக் கொட்டின. “எண்ணிக்குங்க. எனக்கு எந்தக் கெட்ட பழக்கம் இருந்தாலும் பொய் சொல்ற பழக்கம் கிடையாது.”

“மன்னிச்சுக்குங்க. அப்ப சாப்பாட்டுல ஏதோ இருக்கு. என்ன சாப்பிடறீங்க?”

“காலைல ரெண்டு துண்டு ரொட்டி. மதியம் ஒரு கைப்பிடி சோறு, வேக வெச்ச காய். ராத்திரியும் அதேதான். நாள் பூரா அடுப்புல நிக்கறவளுக்குப் பசியே எடுக்காது டாக்டரம்மா.”

அதுவும் உண்மைதான். குருவி கொத்துகிற மாதிரிதான் சாப்பிடுவாள். டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தாள். பக்கத்து நாற்காலியில் லாரி அண்ணனுக்கு மூன்றாவது வகை மாத்திரையில் பாஸ்பரஸ் நல்லபடியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த மாஸ்டர் எனக்கும் அதுவேதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாள், முகத்தில் சந்தேகம் குறையாமலே.

*

அடுத்த தடவை இருவருக்கும் ஒரே மாத்திரை. லாரி அண்ணனுக்கு ஒரே குஷி.

“எப்ப எப்ப மெல்லுற தங்கச்சி?”

“மூணு வேளை, சாப்பாட்டோட.”

“நடுவுல?”

“நடுவுல நான் பச்சைத் தண்ணிகூட அளந்துதான் குடிக்கறேன்.”

“நானும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னேன். லாரில போறப்ப வறுத்த கடலையை மடியில வெச்சுக்கிட்டு வழி பூரா கொறிப்பேன். தூக்கம் வராம இருக்கறதுக்கு. அது எனக்குச் சாப்பாடாவே தோணல. வீட்டுக்கு வந்தப்புறமும் அந்தப் பழக்கம் போகல. அப்புறம் ஒருநாள் டாக்டரம்மா புடிச்சுட்டாங்க. இப்ப கடலை போச்சு, மாத்திரையும் வேலை செய்யுது. நீ சமையக்காரி. நாள் பூரா வாயில ஒண்ணுமே போடறது இல்லையா?”

“ருசி பாக்கறதைச் சொல்றீங்களா? அது சாப்பாடா அண்ணே? அது வேலை.”

“வேலைன்னா பாஸ்பரஸ் லீவு போட்டுட்டுப் போயிடுமா?”

கூடமே சிரித்தது. மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அரைக் கரண்டி நுனி நாக்கில் படுவதைப் போய்ச் சாப்பாடு என்கிறாரே! இந்த மனுஷரின் வாயை எப்படியாவது அடைக்க வேண்டும் என்று தீர்மானித்தாள்.

மறுநாள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியைக் கழுவி வைத்தாள். ருசி பார்க்கும் போதெல்லாம், வாயில் போட்ட அளவே இன்னொரு கரண்டி எடுத்து ஜாடியில் ஊற்றினாள். சூப்புக்கு மட்டும் கொதிக்கும்போது ஒன்று, தூள் கலந்தபின் ஒன்று, உப்புக்கு ஒன்று, மிளகுக்கு ஒன்று, திருப்திக்கு ஒன்று. அப்புறம் கறி வெந்ததா என்று ஒரு துண்டு. பால் சேர்த்த வெள்ளை சாஸில் சீஸ் கரைந்ததா என்று இரண்டு வாய். மீன். பயறு. மதியத்துக்குள் ஜாடியின் பாதி தாண்டிவிட்டது. சாயங்கால ஷிஃப்டுக்கு நடுவில் ஜாடி நிரம்பி, இரண்டாவது ஜாடி கழுவ வேண்டியதாயிற்று.

எல்லாரும் போனபிறகு அவள் அந்த ஜாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாம்பல் நிறத்தில் மேலே எண்ணெய் மிதந்தது. அடியில் கறித்துண்டுகள் கிடந்தன. ‘இது அத்தனையும் நானா?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அருவருப்பாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடலாம். இதைத் தின்றுவிட்டு, வேளைக்குக் கைப்பிடி சோறு சாப்பிடுகிறேன் என்று மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பெருமை பேசியிருக்கிறாள். எடை மெஷினோடு போட்ட சண்டையெல்லாம் வேறு ஞாபகத்துக்கு வந்தது.

ஆனால் ஒளித்து வைக்கிற ஜாதி அல்ல அவள். ஜாடிகளைப் பையில் போட்டுக்கொண்டு நேராக டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்தாள். நர்ஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு நாளைக்கா?” என்றாள் டாக்டரம்மா.

“ஒரே நாளைக்கு.”

“இதுக்கு எந்த மாத்திரையும் ஈடு குடுக்க முடியாதும்மா. அதுலயும் இந்த சூப் தூள், டப்பா சீஸ் இருக்கே, அதுல கலக்கற பாஸ்பேட் அவ்வளவும் நேரா ரத்தத்துல ஏறிடும். ரெண்டு வழிதான். ஒண்ணு, ருசி பாக்கறதை நிறுத்தணும். இல்லைன்னா அளவா வெச்சுக்கிட்டு, அந்த நேரத்துக்கும் மாத்திரையைப் பிரிச்சு மெல்லணும். எவ்வளவுன்னு நான் எழுதித் தர்றேன்.”

ருசி பார்க்காமல் சமைப்பதா? கண்ணைக் கட்டிக்கொண்டு லாரி ஓட்டச் சொன்னால் அண்ணன் ஓட்டுவாரா? மாஸ்டர் யோசிக்காமல் இரண்டாவது வழிக்குத் தலையாட்டினாள்.

வீட்டில் புருஷன் மூன்றாவதாக ஒரு வழி சொன்னான். அவன் கடிகாரம் ரிப்பேர் செய்பவன். எதையும் கழற்றி மாட்டிவிடலாம் என்று நினைப்பவன்.

“வாயில போட்டுப் பாத்துட்டுத் துப்பிடேன்.”

“சுகாதார அதிகாரி வரப்போ அடுப்படில நின்னு துப்பறேன். அவரும் மெடல் குத்திட்டுப் போவாரு.”

*

மாத்திரையை மென்றால் வாயெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் சமாளித்தாள். நாலாம் நாள் சின்ன மாஸ்டர் லீவு. மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போயிருந்தார். அன்றைக்கு மதியம் சூப் வாங்கியவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் வாங்கவே இல்லை.

“என்ன மாஸ்டர், கடல் தண்ணியையே காய்ச்சிட்டீங்களா?” என்று டயர் அச்சு பிடிக்கிறவன் ஒருவன் கேட்டான். கிண்டல்தான். ஆனாலும் அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. இருபது வருஷத்தில் அவள் பாத்திரம் திரும்பி வந்தது அன்றைக்குத்தான். முதலாளி வந்து பாத்திரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஸ்டோர் ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையை மேஜைமேல் விட்டெறிந்தாள். “இந்தச் சுண்ணாம்புதான் என் நாக்கைக் கெடுத்துச்சு. இனிமே தொடமாட்டேன்.”

புருஷன் ஒற்றைக் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினான். “தொடலைன்னா அரிப்பு. அரிப்பு நிக்கலைன்னா அடுப்பு போச்சு. தொட்டா நாக்கு போச்சு. நாக்கு போனாலும் அடுப்பு போச்சு. இப்ப என்ன பண்ணப்போற?”

“மாத்திரைதான் காரணமான்னு மொதல்ல பாக்கறேன். நாளைக்கு அடுப்படில அதை மெல்லாம சமைக்கறேன். சூப் நல்லா வந்துச்சுன்னா டாக்டரம்மாகிட்ட போய் வேற மாத்திரை கேப்பேன்.”

மறுநாள் மாத்திரை இல்லாத நாக்கோடு சூப் வைத்தாள். ருசி பார்த்தாள். அமிர்தமாக இருந்தது. ‘பார்த்தாயா, மாத்திரைதான்!’ என்று மனசு துள்ளியது. பாத்திரத்தைக் கவுண்டருக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்திருந்த சின்ன மாஸ்டரிடம் பரிமாறச் சொல்லப் போனவள், கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவர் அவளுடைய சூப்பைக் கவுண்டர் அண்டாவில் கொட்டி, அதில் ஒரு குடம் வெந்நீரை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க?”

அவர் மீதி வெந்நீரையும் ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “உப்பு கூட.”

“என் சூப்லயா?”

“மூணு வருஷமா கூடத்தான் மாஸ்டர். நீங்க டயாலிசிஸ் போக ஆரம்பிச்சதுல இருந்து. வெந்நீர் ஊத்துவேன், இல்லைன்னா உருளைக்கிழங்கு வேக வெச்சுப் போடுவேன். நேத்து நான் இல்ல. அதான்.”

“பொய்!”

“சரி, பொய்” என்றார் அவர். அவள் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை ஒரு கிண்ணத்தில் வழித்தார். கலக்கியதை இன்னொரு கிண்ணத்தில் ஊற்றினார். வரிசையில் முதலில் நின்ற மூன்று பேரைக் கூப்பிட்டு, எது எது என்று சொல்லாமல் கொடுத்தார். மூவரும் ஒரே கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்தது அவளுடையதை.

மாத்திரை மேல் பழி போட இன்றைக்கு வழியில்லை.

“ஏன் சொல்லல?” என்றாள்.

“சொன்னா கேட்டிருப்பீங்களா? கரண்டியைத் தொட்டாலே வெங்காயம் உரிக்க அனுப்பிடுவீங்க. உங்களுக்காக ஒண்ணும் பண்ணல. கவுண்டர்ல நின்னு திட்டு வாங்கறது நான்தானே?”

மாஸ்டர் கொல்லைப்புறம் கேஸ் சிலிண்டர்கள் வைத்திருக்கும் கம்பிக் கூண்டருகே போய் உட்கார்ந்து அழுதாள். அவமானத்தில் வந்த அழுகை அது, மறைக்க ஒன்றுமில்லை. ஊரே தன் கைமணத்தைப் புகழ்கிறது என்று நிமிர்ந்து நடந்த மூன்று வருஷமும் அடுத்தவருடைய வெந்நீரில் மிதந்திருக்கிறது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நாக்கு மந்தமாகும் என்று நர்ஸ் எப்போதோ சொன்னாள். லாரி அண்ணன்கூட டீயில் சர்க்கரையே தெரிவதில்லை என்று புலம்புவார். அதெல்லாம் மற்றவர்களுக்கு என்று அவள் நினைத்திருந்தாள்.

அழுது முடித்து, குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். சரி, நாக்கு போய்விட்டது. போன நாக்கை வைத்துக்கொண்டு இரண்டு ஜாடி தின்று அரிப்பை வளர்ப்பானேன்? கை இருக்கிறது, மூக்கு இருக்கிறது. எண்ணெய் காயும் சத்தத்தைக் கேட்டே வெங்காயம் போடுகிற காது இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். அது யாரிடம் இருக்கிறது என்றும் இப்போது தெரிந்துவிட்டது. போய்க் கேட்பதற்குத்தான் உடம்பு கூசியது. எழுந்து போனாள்.

ருசிக் கரண்டியைத் துடைத்துச் சின்ன மாஸ்டர் முன்னால் வைத்தாள். “இனிமே ருசி நீங்க பாக்கணும். நான் வாயில வைக்கப்போறதில்ல.”

அவர் கரண்டியைத் தொடவில்லை. “ஏன், வேற ஆளே கிடைக்கலையா?”

“இருக்கறதுலயே நல்ல நாக்கு உங்களுதுதான். அது தெரிஞ்சுதான் இத்தனை வருஷமா உங்களைக் கிட்ட விடல.”

“அதிகாரி வர்றதுக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. நான் சும்மா இருந்தாலே அடுப்பு எனக்கு வந்துடும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா கேக்கறீங்க?”

“கேக்காட்டி நிச்சயமா போயிடும். கேட்டா ஒருவேளை நிக்கும்.”

அவர் கவுண்டரில் விரலால் தாளம் போட்டார். அடுப்பு ஒரு பக்கம், பன்னிரண்டு வருஷம் அவளிடம் வாங்கிய விரட்டல் ஒரு பக்கம் என்று அவர் மனசுக்குள் தராசு ஆடியிருக்கும். கடைசியில் கரண்டியை எடுத்தார். “ஒரு நிபந்தனை. ருசி விஷயத்துல நான் சொல்றதுதான் கடைசி. எதுத்துப் பேசக் கூடாது. நான் சொன்னப்புறம் ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாக்கறேன்னு வந்தீங்க, கரண்டியைப் போட்டுட்டுப் போயிடுவேன்.”

எந்தச் சொல்லாலும் அவளை அதைவிட ஆழமாகக் குத்தியிருக்க முடியாது. “சரி” என்றாள்.

முதலாளியிடமும் அவளே போய்ச் சொன்னாள். மறைத்து வைத்து யாரோ சொல்லித் தெரிவதைவிட அது மேல். அவர் தலையைச் சொறிந்தார். “ஒரு அடுப்புக்கு ரெண்டு மாஸ்டரா? எப்படியோ போங்க. அதிகாரி வரட்டும், அப்ப முடிவு பண்றேன்.”

அதற்கப்புறம் வந்த வாரங்கள் லேசானவை அல்ல. கை தானாகக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும், பாதியில் நிறுத்துவாள். மாத்திரையை மூன்று வேளைச் சாப்பாட்டோடு தூளாக மென்றாள், குமட்டினாலும் விடவில்லை. சூப் தூள் டப்பாக்களை ஒழித்துவிட்டு எலும்பும் காயும் போட்டுக் காய்ச்சினாள். “உப்பு போதாது”, “புளிக்குது”, “இதை இறக்காதீங்க” என்று சின்ன மாஸ்டர் சொல்லும்போதெல்லாம் தலைக்குள் சுர்ரென்றது. முழுங்கினாள். அந்தப் பெரிய மாத்திரைகள்கூட இவ்வளவு கஷ்டமாக இறங்கியதில்லை.

எடை மெஷின்தான் முதலில் சமாதானமாயிற்று. பிறகு ரத்தப் பரிசோதனை வந்தது. டாக்டரம்மா காகிதத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். இன்னும் கொஞ்சம் கூடத்தான், ஆனால் நன்றாக இறங்கியிருந்தது.

“பாத்தியா, என் மாத்திரை!” என்று லாரி அண்ணன் கத்தினார்.

“உங்க மாத்திரையில்ல அண்ணே. உங்க கடலை” என்றாள் மாஸ்டர்.

*

அதிகாரி மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே வந்தார். வடிகாலுக்கோ குளிர்பெட்டிக்கோ போகவில்லை. நேராக அடுப்புக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவளையே பார்த்தார். முதலாளி அவருக்குப் பின்னால் வேர்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கைகளில் பழைய தழும்புகள் வெளுத்திருந்தன, புதுக் கீறல் இல்லை. தோள்பட்டையில் மட்டும் மெல்லிசாக ஒரு அரிப்பு எட்டிப் பார்த்தது. போ என்று சொல்லிவிட்டுச் சூப்பைக் கிளறினாள். வாசனை சரியாக இருந்தது. கொதிக்கிற சத்தமும் சரியாக இருந்தது. அவள் கணக்கில் சூப் தயார். சத்தியமாக இது சரிதான் என்று இருபது வருஷப் பழக்கம் அவள் காதுக்குள் சொன்னது.

சின்ன மாஸ்டர் வந்து ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார். அதிகாரியைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஆவலோடு தலையை நீட்டினார். சின்ன மாஸ்டர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், அந்த அடுப்பு அப்போதே அவருடையது. அது மாஸ்டருக்கும் தெரியும். சரியில்லாததைச் சரி என்று சொல்லி அனுப்பினாலும் யார் கேட்கப்போகிறார்கள்?

“உப்பு போதாது” என்றார்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. போதும் என்று கைக்குத் தெரிகிறது. போட்டது அவளல்லவா? வேண்டுமென்றே சொல்கிறாரா? எல்லார் முன்னாலும் மறுபடியும் கடல் தண்ணியைக் காய்ச்ச வைக்கிறாரா? பக்கத்திலேயே இன்னொரு கரண்டி தொங்கியது. ஒரே ஒரு சொட்டுதான். ஒரு சொட்டால் பாஸ்பரஸ் ஏறிவிடாது. கை அந்தப் பக்கம் போனது. அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மாஸ்டரும் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கையை மட்டும்.

மாஸ்டர் கரண்டியைத் தாண்டிக் கையை நீட்டி உப்பு டப்பாவை எடுத்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்த அடுப்படியில் அதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

“எவ்வளவு?”